ஆறாவது கோயிலில் தூங்கிப்போனேன்

மூன்று வருஷம் இழுத்தடித்த நேர்ச்சை இது. ஒவ்வொரு தவக்காலமும் தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில் கேட்பாள்: “ஏல, மாதாட்ட சொன்ன வார்த்தைய இந்த வருஷமாவது காப்பாத்துவியா, இல்ல ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டுன்னே சொல்லிக்கிட்டு இருப்பியா?” நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். புனித வாரம் என்று கப்பல்கள் காத்திருப்பதில்லை. அதைச் சாக்காகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே அது நியாயமாகப் படத் தொடங்கிவிட்டது.

நேர்ச்சை வந்த கதை இதுதான். மகள் 29-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,120 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன வெள்ளைப் பலகை ஒன்று இருக்கும். தினமும் காலையில் நர்ஸ் வந்து அதில் எடையை எழுதுவார். முதல் வாரம் குறையத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். 1,120-ஐ அழித்து 1,085 என்று எழுதினார். மறுநாள் அதையும் அழித்து 1,060. மை சரியாக அழியாமல், புது எண்ணுக்குப் பின்னால் பழைய எண் மங்கலாகத் தெரிந்தது. ஒரு விடியற்காலையில் அந்த மங்கலான எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் வாய்விட்டுச் சொன்னேன்: பிள்ளை வீடு வந்து சேரட்டும் ஆண்டவரே, பெரிய வியாழன் இரவில் ஏழு கோயில் சந்திக்கிறேன், ஏழிலும் முழங்காலில் ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்கிறேன். பெரிய வெள்ளிக்கு முந்தின அந்த இரவில் ஏழு கோயிலுக்குப் போய்ச் செபிப்பது எங்கள் கத்தோலிக்க வழக்கம். ஐம்பத்து மூன்று என்பது செபமாலை மணிகளின் கணக்கு.

மணிக்கு எத்தனை பெட்டி இறக்கினேன் என்று கணக்குக் கொடுத்தே பழகினவன் நான். ஆண்டவரிடமும் கணக்காகத்தான் பேசியிருக்கிறேன். 61-ஆம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். இப்போது மூன்று வயது. சோஃபாவிலிருந்து குதிக்காதே என்றால் கட்டிலிலிருந்து குதிக்கிறாள்.

இந்த வருஷம் பெரிய வியாழன் இரவுக்கு விடுப்பு கிடைத்தது. காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்து பகலில் தூங்கிவிடலாம் என்று பார்த்தால், மகளுக்குக் காய்ச்சல். கண்ணை மூட விடவில்லை. மனைவி பிள்ளையோடு இருக்க வேண்டியதாயிற்று. தனியாகக் கிளம்பின என்னைப் பார்த்து அத்தை, “நான் வரேன் மாப்பிள்ளை” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

மாமியாரைத்தான் அத்தை என்கிறேன். 68 வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர், ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை, அதாவது புராட்டஸ்டன்ட். எங்கள் வீட்டில் நான் அருள் என்றால் அவர் கிருபை என்பார். நான் பூசை என்றால் அவர் ஆராதனை. இயேசு என்கிற பெயரில் மட்டும் தகராறு இல்லை. இந்த ஏழு கோயில் விஷயத்தை அவர் கேலி செய்ததில்லை, ஆனால் ஒப்புக்கொண்டதும் இல்லை. ஜூரோங்கிலிருந்து பூகிஸ் வருகிற ரயிலில் மெதுவாகக் கேட்டார். “கிருபைன்னா சும்மா கிடைக்கிறதுதானே மாப்பிள்ளை? அதுக்குப் போய் ஏழு, ஐம்பத்து மூணுன்னு எதுக்கு எண்ணிக்கை?” எனக்குப் பதில் தெரியவில்லை. சொன்ன வார்த்தை அத்தை, என்றேன்.

முதலில் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே 1888-இல் எழும்பிய கோயில் இது. பிரான்ஸிலுள்ள லூர்து பசிலிக்காவின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். 2005-இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவித்தார்கள். எனக்கு அதெல்லாம் அப்புறம்தான். சிங்கப்பூருக்கு வந்து முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் தமிழில் பாட்டுச் சத்தம் கேட்டு அழுதவன் நான், அதனால் அது என் கோயில். நாங்கள் போனபோது பூசை முடிந்து, பீடத்துத் துணியெல்லாம் உருவி, நற்கருணைப் பேழை திறந்து காலியாகக் கிடந்தது. வருஷா வருஷம் பார்த்தாலும் அந்தத் திறந்த பேழையைப் பார்க்கும்போது நெஞ்சில் ஏதோ அடைக்கும். நற்கருணையை, அதாவது இயேசுவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பத்தை, வைத்திருந்த இடத்தில் தரையில் உட்காரக்கூட இடமில்லை. எப்படியோ முழங்காலை நுழைத்தேன். முதல் ஐம்பத்து மூன்று முடிந்தது.

விக்டோரியா ஸ்ட்ரீட் சூசையப்பர் கோயிலில்தான் எரிச்சல் வந்தது. போர்த்துகீசிய மிஷன் காலத்துக் கோயில், இப்போதுள்ள கட்டடம் 1912-இல் வந்தது. மறுநாள் பெரிய வெள்ளி மெழுகுவர்த்திப் பவனிக்கு ஊரே திரளும் இடம் என்பதால் அதற்கான வேலைகள் வேறு நடந்துகொண்டிருந்தன. வாசலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள், சரி, அது தேவைதான். உள்ளே ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்ட கூட்டம் ஒன்று பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. நற்கருணைக்கு முன்னால் முழங்காலிட ஒரு நிமிஷம், படம் எடுக்க ஐந்து நிமிஷம். என் முகத்துக்கு நேரே ஒரு போன் நீண்டது. வேளாங்கண்ணியில் ரூம் வேணுமா, மெழுகுவர்த்தி வேணுமா என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறவர்களாவது வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறார்கள். இவர்கள் எதற்குச் செய்கிறார்கள் என்று கோபப்பட்டதில் செபமாலையில் மூன்றாவது பத்து முழுவதும் வீணாகப் போயிற்று. அதைத் திரும்பச் சொன்னேன். நேரமும் போயிற்று.

குயின் ஸ்ட்ரீட் பேதுரு பவுல் கோயில் 1870-இல் கட்டியது. லூர்து மாதா கோயில் வருவதற்கு முன்பு நம் ஆட்கள் சீனரோடு சேர்ந்து பூசை கண்ட இடம். அங்கே அமைதி இருந்தது, இடமும் இருந்தது. அதனால் சொல்ல ஒன்றும் இல்லை.

அதே தெருவில் நடந்தால் நல்லாயன் பேராலயம். அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு கடிதம் என்பார்கள். கிழக்கே போகிற வழியில் சிங்கப்பூரில் தங்கிய பிரெஞ்சுக் குரு லோரன் இம்பேர், பிறகு கொரியாவில் ஆயரானார். 1839-இல் அங்கே கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தபோது, தன்னைத் தேடித்தான் மக்களை வதைக்கிறார்கள் என்று தெரிந்து தானே போய்ச் சரணடைந்தார். தன்னோடிருந்த இரண்டு குருக்களுக்கும், நல்ல ஆயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்று எழுதி அனுப்பினார். அவர்களும் வந்தார்கள். மூன்று பேரையும் தலையை வெட்டிக் கொன்றார்கள். 1984-இல் புனிதர் பட்டம். நான் இதை அத்தையிடம் கிசுகிசுப்பாகச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “எத்தனை ஆடு மிச்சம்னு அவர் எண்ணிப் பார்த்திருப்பாரா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அங்கிருந்து டேங்க் ரோடு திரு இருதயக் கோயிலுக்கு ஃபோர்ட் கேனிங் மேட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். என் கால்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. அத்தை தைப்பூசக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கச் சின்ன வயதில் இதே ரோட்டுக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சு எப்படியோ இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமைக்குப் போனது. காலையிலிருந்து வெயிலில் உழைத்தவனுக்கும் ஒரு தெனாரியம் கூலி, சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரு தெனாரியம். ஓவர்டைம் கணக்கில் வாழ்கிறவன் எவனும் அதை ஒத்துக்கொள்ள மாட்டான் என்று நான் எப்போதும் சொல்வேன். அன்றைக்கும் சொன்னேன். அத்தை சிரித்தார். “நீங்க காலையிலயே வந்தவருன்னு யார் சொன்னது மாப்பிள்ளை?”

திரு இருதயக் கோயிலில் ஐந்தாவது முடிந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு நற்கருணை ஆராதனை முடியும். இன்னும் இரண்டு பாக்கி. டாக்சி பிடித்து நொவீனாவுக்கு ஓடினோம். தாம்சன் ரோட்டில், ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த அல்போன்சு கோயில். பிள்ளை மருத்துவமனையில் இருந்த நாட்களில் சனிக்கிழமை தோறும் இடைவிடா சகாய மாதாவுக்கு மன்றாட்டுக் கடிதம் எழுதிப் போட்ட இடம் அது. நவநாளில் மற்றவர்களுடைய கடிதங்களை வாசிக்கும்போது, வேலை கேட்டும் வீடு கேட்டும் பிள்ளை கேட்டும் யார் யாரோ எழுதியிருப்பதைக் கேட்டு, நான் ஒருத்தன்தான் தவிக்கிறேன் என்கிற நினைப்பு போனது இங்கேதான். இங்கே இருபது நிமிஷம், அப்புறம் ஓடினால் தோ பாயோவில் உயிர்த்த கிறிஸ்து கோயில், ஏழு சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். முழங்காலிட்டேன். முழங்கால் தாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளும் ஆண்டவரே என்றேன். இரண்டாவது பத்தில், அருள் நிறைந்த மரியே என்று தொடங்கியது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது ஒரு கை. அம்மா பனிமய மாதா கோயிலில் மந்திரித்து அனுப்பின என் மரச் செபமாலை அந்தக் கையில் இருந்தது. நடுவில் ஒரு மணி பாதி உடைந்திருக்கும், அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். என் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்திருக்க வேண்டும். காய் நறுக்கி நறுக்கிக் கறுத்துப்போன அந்தப் பெருவிரல் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டிருந்தது. மரியாவை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தை செபம் அத்தைக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார். ஒரு மணிக்கு ஒரு முறை, உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு, “ஸ்தோத்திரம் இயேசுவே, ஸ்தோத்திரம் இயேசுவே” என்று போய்க்கொண்டிருந்தது. உடைந்த மணி வரும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கி, தடவிப் பார்த்து, தாண்டிப் போனது. நான் அசையவில்லை. என் தலை அத்தையின் தோளில் கிடந்தது. அதைக்கூட அப்போதுதான் உணர்ந்தேன்.

இயேசு பிடிபட்ட இரவில் கெத்செமனேத் தோட்டத்தில் தூங்கின சீடர்களைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன். ஒரு மணி நேரம்கூட உங்களால் விழித்திருக்க முடியவில்லையா என்று ஆண்டவர் கேட்டதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகும் அவர் பேசியிருக்கிறார். எழுந்திருங்கள், போவோம் என்கிறார். நீங்கள் கிடங்கள், நான் போகிறேன் என்று சொல்லவில்லை. தூங்கி வழிகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு போவோம் என்கிறார். மூன்று முறை தூங்கினவர்களிடம். நன்றி ஆண்டவரே. 1,060 கிராமுக்கும் நன்றி, அழியாத மைக்கும் நன்றி, இந்தக் கறுத்த விரலுக்கும் நன்றி, சூசையப்பர் கோயிலில் என் முகத்துக்கு நேரே போன் நீட்டினானே, அவனுக்கும் நன்றி. அவனும் என்னென்ன தவிப்போடு வந்தானோ. அழுகை வந்துவிட்டது, அத்தையின் சேலையிலேயே துடைத்துக்கொண்டேன்.

தொண்டர் ஒருவர் வந்து மெதுவாக, நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே தாம்சன் ரோட்டில் டாக்சிக்கு நின்றோம். மணி பன்னிரண்டு பத்து.

“ஏன் எழுப்பல அத்தை? ஏழாவது போச்சே.”

“தூங்கற பிள்ளைய யாராச்சும் எழுப்புவாங்களா?” என்றார்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே டாக்சியில் ஏறினேன். வண்டி கிளம்பினதும் அத்தை செபமாலையை என் கையில் வைத்தார். மணிகள் சூடாக இருந்தன.

“மாப்பிள்ளை, ஐம்பத்து மூணு மணின்னு சொன்னீங்க. நான் எண்ணினா ஐம்பத்தொன்பது வருதே?”

“பரலோக மந்திரத்துக்கு ஆறு மணி தனி அத்தை.”

“ஓ, அப்படியா. எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல. அதான் சுத்திக்கிட்டே இருந்தேன்.”