பெல்லட் அடுப்பின் புகைக்குழாயில் படிந்த தாரை எடுத்த கதை

எங்கள் வீட்டில் இருப்பது பெல்லட் அடுப்பு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னத் துண்டுகளை (பெல்லட்) எரிக்கும் அடுப்பு. இதன் புகைக்குழாயில் வழக்கமாகப் படிவது சாம்பல்தான். பழுப்பு நிறத்தில், தொட்டால் மாவு மாதிரி உதிரும். எங்கள் அடுப்பில் குழாயின் அடியில் இருக்கும் 'T' வடிவ இணைப்பின் மூடியைக் கழற்றியபோது விழுந்தது வேறு. பளபளவென்று கறுப்புச் செதில்கள். சிலது விரலில் பிசுக்கென்று ஒட்டியது, தார் வாடையும் அடித்தது. விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் பார்த்துப் பழகிய கிரியோசோட் என்ற தார்.

மரம் முழுமையாக எரியாவிட்டால், எரியாத ஆவிகள் புகையோடு மேலே போகும். குழாயின் உட்சுவர் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அந்த ஆவிகள் அங்கேயே குளிர்ந்து படிந்துவிடும். முதலில் கரித்தூளாக, பிறகு செதிலாக, கடைசியில் கண்ணாடிப் பூச்சு போல இறுகிவிடும். இது எரியக்கூடியது என்பதுதான் பயம். குழாய்க்குள் பற்றிக்கொண்டால் வெப்பம் 1000 டிகிரியையும் தாண்டலாம்.

பெல்லட் அடுப்பில் இது இவ்வளவு சேரக் கூடாது. பெல்லட்டுகள் 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகள். நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்காது. தேவையான காற்றையும் ஒரு விசிறி இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அப்படியும் தார் படிகிறது என்றால், எங்கேயோ காற்று குறைகிறது, அல்லது பெல்லட் ஈரமாகிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் குழாயை மட்டும் தேய்த்தால் அடுத்த குளிருக்குள் மறுபடி படியும். ஆனாலும் முதலில் இருப்பதை எடுத்தாக வேண்டும்.

அடுப்பை முழுதாக ஆறவிட்டு, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தோம். சாம்பலை எடுக்கச் சாதாரண வேக்குவம் கூடாது. சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், பிளாஸ்டிக் உடலும் துணிப் பையும் பற்றிக்கொள்ளும். உலோகத் தொட்டி உள்ள சாம்பல் வேக்குவம் தனியாகக் கிடைக்கிறது. எடுத்த சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைத்தோம்.

பெல்லட் எரியும் கிண்ணத்தை வெளியே எடுத்து, அடியில் இருக்கும் துளைகளில் இறுகிப்போயிருந்த கட்டிகளைச் சுரண்டினேன். காற்று அந்தத் துளைகள் வழியாகத்தான் நெருப்புக்குள் வருகிறது. பாதி அடைத்தாலே நெருப்பு மந்தமாகிவிடும். தீ அறையின் பக்கத் தகடுகளைக் கழற்றியதும் பின்னால் இருந்த புகைவழிகளில் நான் எதிர்பார்க்காத அளவு சாம்பல் இருந்தது. வாரா வாரம் செய்யும் சுத்தத்தில் அந்த இடத்துக்குக் கை எட்டாது. அதனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது தகடுகளைக் கழற்றுவது நல்லது. புகையை வெளியேற்றும் விசிறியின் இறக்கைகளிலும் கரி அப்பியிருந்தது. மெல்லிய பிரஷால் தேய்த்துவிட்டு, அடியில் இருந்த காஸ்கெட்டையும் (இடைவெளியை அடைக்கும் பட்டை) புதிதாக மாற்றினோம். பழைய காஸ்கெட்டையே திரும்பப் போட்டால் அந்த இடைவெளி வழியாகப் புகை அறைக்குள் வரும்.

அப்புறம் குழாய். பிரஷின் அளவு குழாயின் உள்விட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். உட்சுவர் மெல்லிய துருப்பிடிக்காத எஃகு என்பதால் இரும்புக் கம்பி பிரஷை விட்டுவிட்டு நைலான் பிரஷ் எடுத்தோம். வளையும் கம்பிகளை ஒன்றோடொன்று திருகி, டிரில்லில் மாட்டி, கீழிருந்து மேலே மெதுவாக ஏற்றினோம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: டிரில் கடிகாரச் சுற்றிலேயே ஓட வேண்டும். எதிர்த் திசையில் ஓடினால் திருகு கழன்று பிரஷ் குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

நேர்க் குழாயில் இருந்த செதில்கள் எளிதாக உதிர்ந்தன. முழங்கை வளைவில்தான் சிக்கல். அங்கே தார் இறுகிப்போய் பிரஷுக்கு அசையவே இல்லை. இறுகிய தாரைக் காய்ந்த தூளாக மாற்றும் ரசாயனத் தெளிப்புகள் இருக்கின்றன. தெளித்து, சில முறை நெருப்பு மூட்டி, பிறகு தேய்க்க வேண்டும். பெரிய செங்கல் புகைபோக்கி என்றால் அந்த வழிதான். ஒரு சின்ன வளைவுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை என்று தோன்றியது, அந்தத் துண்டையே மாற்றிவிட்டோம். சுரண்டிச் சுரண்டி உட்சுவரை மெலிய வைப்பதைவிட அது பாதுகாப்பு.

காரணம் தேட நெருப்பே உதவியது. நன்றாக எரியும் பெல்லட் நெருப்பு மஞ்சளாகப் பளிச்சென்று, துடிப்பாக இருக்கும். எங்களுடையது ஆரஞ்சு நிறத்தில் உயரமாக, சோம்பலாக, நுனியில் கரும்புகையோடு எரிந்துகொண்டிருந்தது. கதவுக் கண்ணாடியும் மூட்டிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்தது. இரண்டுமே காற்றுப் பற்றாக்குறையின் அடையாளங்கள்.

கதவின் காஸ்கெட்டைச் சோதிக்கக் காகிதம் ஒன்றே போதும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடிவிட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாகப் பிடித்தால் சரி. எங்கள் கதவின் கீழ் மூலையில் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் காஸ்கெட் கயிறு தட்டையாகி இறுகிப்போயிருந்தது. விசிறி எவ்வளவு இழுத்தாலும் காற்று சுலபமான வழியில்தான் வரும். கதவு இடுக்கில் நுழைந்து, கிண்ணத்தின் துளைகளைத் தொடாமல் நேராகக் குழாய்க்குப் போய்விடுகிறது. எரிவதற்கு உதவாத அந்தக் காற்று புகையையும் குளிர வைக்கிறது. தார் படிய இரண்டும் சேர்ந்தால் போதும்.

வெளிச்சுவரில் காற்று நுழையும் குழாயின் வலையிலும் காய்ந்த இலைகளும் சிலந்திக்கூடும் அடைத்திருந்தன. வலையைச் சுத்தம் செய்து, கதவுக்குப் புதுக் கயிறும் போட்டதும் நெருப்பின் நிறம் அன்றைக்கே மாறியது. குளிர்காலத்தின் நடுவில் குழாயைத் திறந்து பார்த்தேன், பழுப்புத் தூள் மட்டும்தான் இருந்தது. கறுப்பு ஒரு செதில்கூட இல்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இன்னொரு மாற்றமும் செய்தோம். லேசான குளிரில் அடுப்பை நாள் முழுக்க மிகக் குறைந்த அளவில் ஓட்டினால் புகை சூடேறாமலே போகும், குழாய் தாரைப் பிடித்துக்கொள்ளும். இப்போது நடுத்தர அளவில் கொஞ்ச நேரம் ஓட்டி, வீடு சூடானதும் அணைத்துவிடுகிறோம்.

பெல்லட் மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குகிறோம். ஈரம் பட்ட பெல்லட் உப்பி, உதிர்ந்து, மரத்தூளாகிவிடும். அதை எரித்தால் புகைதான். மூட்டையின் அடியில் தங்கும் தூளையும் ஹாப்பரில் (அடுப்பில் பெல்லட் நிரப்பும் தொட்டி) கொட்டுவதில்லை, சல்லடையில் சலித்துவிட்டுத்தான் போடுகிறோம். அடுப்பு இருக்கும் அறையிலும் படுக்கை அறைக்கு வெளியிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறோம். அந்த வாயுவுக்கு வாடையோ நிறமோ கிடையாது. குழாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அலாரம் கட்டாயம் வேண்டும்.