பெயருக்காகக் கடன் வாங்கும் முன்

பெரிய பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நம்பித்தான் பல குடும்பங்கள் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகின்றன. அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: சம்பளம் அந்தப் பெயரால் வருகிறதா, அல்லது அங்கே இடம் பிடிக்கும் அளவுக்குப் படிக்கிற பிள்ளை எங்கே படித்தாலும் அதே சம்பளம் வாங்குமா?

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. பெரிய இடத்தில் அனுமதி கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், பின்னாளில் ஏறக்குறைய அதே அளவு சம்பாதித்தார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய இடம் கூடுதலாகக் கைகொடுத்தது. 2023இல் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினரின் ஆய்விலும் சராசரிச் சம்பளம் பெரிதாக மாறவில்லை. ஆனால் பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு 3 மடங்கானது.

ஆக, முதலீட்டு வங்கி, மேலாண்மை ஆலோசனை போன்ற துறைகளுக்குக் குறி வைப்பவருக்குப் பெயர் கதவைத் திறக்கும். நர்சிங் போல உரிமம் வாங்கி நுழைகிற வேலையில் அந்த அளவுக்கு அது எடுபடாது.

தரவரிசையை மட்டும் நம்ப வேண்டாம். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் ஷாங்காய் பட்டியலில் 30 சதவீத மதிப்பெண் நோபல் பரிசுக்கும், கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பரிசுக்குமே போகிறது. முதலாண்டுப் பாடத்தை யார் நடத்துகிறார், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் கிடையாது. அங்கே இப்போது படிக்கிறவர்களிடம், அதுவும் நீங்கள் சேரப்போகும் துறையில் படிக்கிறவர்களிடம் கேளுங்கள்.

வேலைவாய்ப்பு அறிக்கையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 200 பேர் படிக்கிறார்கள், 120 பேர் கல்லூரி வழியாக வேலை தேடப் பதிவு செய்தார்கள், 108 பேருக்கு வேலை என்றால் அறிக்கை 90 சதவீதம் என்று சொல்லும். உண்மையில் அது 54. சராசரிச் சம்பளமும் அப்படித்தான். ஒன்பது பேர் ஆளுக்கு 5, ஒருவர் மட்டும் 55 வாங்கினால் சராசரி 10 ஆகிவிடும். வரிசையில் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள்; சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

கடனையும் முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 கடன், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25 வீதம் நான்கு ஆண்டுகள் எடுக்கிறீர்கள், தனிவட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு முடிகிற நாளில் பாக்கி 125. அதை அதே வட்டியில் 10 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை 1.65, மொத்தம் 198. வாங்கியது 100, கட்டுவது அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தத் தவணை நடுவில் நிற்பவரின் மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், என் கணக்கில் அந்தக் கடன் வேண்டாம்.

அதற்காக, கட்டணத்தைப் பார்த்ததுமே வசதியில்லாத பிள்ளைகள் ஒதுங்கிவிடக் கூடாது. பெயரால் அதிகம் பயன்பெறுகிறவர்கள் அவர்கள்தான். விண்ணப்பிக்கும்போதே உதவித்தொகைப் படிவத்தையும் கொடுங்கள். வேறொரு கல்லூரி கூடுதலாகத் தர முன்வந்தால், அந்தக் கடிதத்தை இணைத்து, இன்னும் எவ்வளவு பணம் போதவில்லை என்று தொகையைக் குறிப்பிட்டே மறுபரிசீலனை கேளுங்கள்.