இறக்கை இல்லாத கார்

கீழக்கரையில் என் பட்டறைக்கு வருகிற வேலைகள் பெரும்பாலும் படகுகள்தாம். வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் வீட்டுக் கூடத்தில் வைப்பதற்கு ஒரு முழ நீளத்தில் வத்தை செய்து தரச் சொல்வார்கள். பாம்பனின் பழைய தூக்குப்பாலத்தைக் கேட்பவர்களும் உண்டு. துபாயில் பதினொரு ஆண்டுகள் கட்டட மாதிரிகள் செய்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், சிறியதாகச் செய்ய வேண்டியது எதுவானாலும் இந்த வட்டாரத்தில் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். ஆனாலும் சென்ற ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், ஆட்டோவிலிருந்து இறங்கிய அந்த இரண்டு தகரப் பெட்டிகளைப் போன்ற ஒரு வேலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பெட்டிகளைக் கொண்டு வந்தவர் ஓர் இளைஞர். அவருடைய தந்தை சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் சோழவரத்தின் பழைய விமானத்தளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களை வேலி ஓரத்தில் நின்று பார்த்தவர். கப்பல் போன துறைமுகங்களில் எல்லாம் பந்தயக் கார்களின் சிறு மாதிரிகளைத் தேடித் தேடி வாங்கியிருக்கிறார். எல்லாமே கையால் ஒட்டிச் சேர்த்து வண்ணம் பூச வேண்டியவை. மொத்தம் 47 இருந்தன. ஒன்றுகூட முடிக்கப்படவில்லை. சிலவற்றுக்குக் கூடு மட்டும் சேர்ந்திருந்தது, சிலவற்றுக்குச் சக்கரம் ஏறியிருந்தது, சில சாம்பல் நிறப் பிரைமரோடு நின்றுபோயிருந்தன.

"எது எந்தக் காருன்னு எழுதிக் குடுத்தாப் போதும் காக்கா. வாங்குறதுக்கு ஆள் இருக்கு. பேரு தெரியாம வெல சொல்ல மாட்டேங்குறாங்க" என்றார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். பங்குனி வரை ஆயிற்று.

முதல் தடை உப்புக்காற்று. செய்முறைத் தாள்களை வெள்ளிப்பூச்சி தின்றிருந்தது. ஸ்டிக்கர்த் தாள்கள் மஞ்சளித்து, தொட்டால் உதிர்ந்தன. ரப்பர் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும் என்பதால், சில மாதிரிகளில் டயரும் சக்கரமும் உருகி ஒன்றாகியிருந்தன. ஈயம் கலந்த வெள்ளை உலோகத்தில் வார்த்தவற்றின் நிலை அதைவிட மோசம். அட்டைப்பெட்டியிலிருந்து கிளம்பும் அமில ஆவியும் கடற்கரை ஈரமும் சேர்ந்தால் ஈயம் வெண்மையாகப் பூத்துவிடும். அதைத் துடைக்கும்போது கூர்மையான விளிம்புகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைபட்டுப் போகும். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, ஒரு காரின் மூக்கு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கவே சில நாள்கள் ஆயின.

இரண்டாவது தடை, வண்ணம் இல்லாதது. பந்தயக் காரை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் பூச்சை வைத்துத்தான். 1968 வரை கிராண்ட் பிரிக்ஸ் எனும் சர்வதேசக் கார்ப் பந்தயங்களில் நிறம் என்பது நாட்டின் நிறம்: இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை அல்லது வெள்ளி. அந்த ஆண்டு லோட்டஸ் அணி ஒரு சிகரெட் கம்பெனியின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களில் கார்களை இறக்கியதிலிருந்து நிறம் விளம்பரதாரருக்குச் சொந்தமாகிவிட்டது. என் மேசையில் நின்ற 47 கார்களுக்கும் நாடும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. எல்லாம் வெள்ளையும் சாம்பலும்.

இதில் எனக்குக் கைகொடுத்தது படகுப் பழக்கம்தான். கரையில் ஏரா என்னும் அடிமரமும் வங்கு என்னும் விலாச் சட்டங்களும் மட்டும் நிறுத்தியிருக்கும்போதே, அணியம் என்னும் முன்முனை எழும்பும் விதத்தைப் பார்த்து எந்த ஊர்க்காரனுக்காகக் கட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுகிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பலகை அடித்து வண்ணம் பூசிய பிறகு கேட்டால் அவர்களே சற்று யோசிப்பார்கள். காரிலும் அப்படித்தான். ரேடியேட்டர் மூக்கில் இருக்கிறதா பக்கவாட்டிலா, இன்ஜின் ஓட்டுநருக்கு முன்னாலா பின்னாலா, புகைக்குழாய் எந்தப் பக்கம் வெளியேறுகிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் எவ்வளவு தூரம் என்பவை வண்ணத்துக்கு அடியில் இருக்கும் எலும்புகள். பூச்சு இல்லாததால் அவை துலக்கமாகவே தெரிந்தன.

ஓர் உதாரணம். ஏறத்தாழ உள்ளங்கை நீளத்தில், மூடிய கூரையும் நடுவில் இன்ஜினும் கொண்ட ஒரு வெள்ளை உலோகக் கார். 1969 காலத்து போர்ஷே 917 ஆகவும் இருக்கலாம், லோலா டி70 ஆகவும் இருக்கலாம் என்று தோன்றியது. பூத்துப்போன உலோகத்தில் இரண்டின் வளைவுகளும் ஒன்றுபோல மழுங்கியிருந்தன. உண்மையான 917இன் அச்சிடைத் தூரம் 2,300 மில்லிமீட்டர்; லோலாவுடையது 2,413. இந்த வகை மாதிரிகள் 43இல் ஒரு பங்காகச் செய்யப்படுபவை. வகுத்துப் பார்த்தால் முதலாவது 53.5 மில்லிமீட்டரும் இரண்டாவது 56.1 மில்லிமீட்டரும் வர வேண்டும். வெர்னியர் அளவியை வைத்துப் பார்த்தேன், 53 சொச்சம் காட்டியது. வார்ப்பு ஆறும்போது சற்றுச் சுருங்கும் என்பதால் அரை மில்லிமீட்டரை நான் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டரை மில்லிமீட்டரை அப்படித் தள்ளிவிட முடியாது. போர்ஷேதான்.

அதன் வால் குட்டையாக மேல்நோக்கி வெட்டப்பட்டிருந்தது. 1969இல் 917 அதிவேகத்தில் தடம் பிடிக்காமல் அலைந்து ஓட்டுநர்களை மிரட்டிக்கொண்டிருந்தது. அந்த அக்டோபரில் ஆஸ்திரியாவின் செல்ட்வெக் தடத்தில் நடந்த சோதனையின்போது, போர்ஷேவுக்காகக் கார் ஓட்டவிருந்த ஜான் வையர் அணியின் பொறியாளர் ஜான் ஹோர்ஸ்மன், காரின் முன்பக்கம் எங்கும் பூச்சிகள் அடிபட்டுச் செத்து ஒட்டியிருக்க, வாலின் மேல் இருந்த தடுப்புகளில் மட்டும் பூச்சியே இல்லை என்பதைக் கவனித்தார். பூச்சி படவில்லை என்றால் காற்றும் படவில்லை. அங்கேயே அலுமினியத் தகட்டை வெட்டி வாலை உயர்த்தினார்கள், கார் அடங்கியது. 1970இல் பிரான்சின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸில் போர்ஷேவுக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தந்தது இந்தக் குட்டை வால் வடிவம்தான். இதைப் படித்தபோது, இல்லாத பூச்சியைக் கண்டுபிடித்த மனிதரை வியந்தேனே தவிர, அந்தப் பாடம் எனக்கும் உரியது என்று அப்போது தோன்றவில்லை.

எளிதாக முடிந்தவையும் இருந்தன. முன்னால் நான்கு சின்னச் சக்கரங்களுக்குத் துளையிட்ட கூட்டைப் பார்த்து என் உதவிப் பையன் லாரி என்றான். அது டைரல் பி34. 1976இல் ஸ்வீடன் கிராண்ட் பிரிக்ஸில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்த ஆறு சக்கரக் கார். ஓட்டுநரின் இருக்கை ஏறத்தாழ மூக்கருகே இருந்த ஒரு ரெசின் கட்டியை நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் குழம்பினேன். பக்கத்துக்கு எட்டாக இருந்த புகைத்துளைகளை எண்ணிய பிறகுதான் அது 16 சிலிண்டர் ஆட்டோ யூனியன் என்று புரிந்தது. 1930களிலேயே இன்ஜினைப் பின்னால் வைத்த கார் அது. சுறாவின் மூக்குத்துளைகள் போல இரண்டு திறப்புகள் கொண்ட பெர்ராரி 156 ஒன்றும் இருந்தது. 1961இல் ஃபில் ஹில்லுக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்த அந்த வகையை பெர்ராரி பாதுகாத்து வைக்காமல் உடைத்துவிட்டது. ஆகவே மாதிரி செய்தவர்கள் எல்லாருமே பழைய புகைப்படங்களை நம்பி வேலை செய்தவர்கள்.

மார்கழிக்குள் நாற்பது பெயர்களை எழுதிவிட்டேன். பட்டியலின் கடைசிக் கட்டத்துக்கு 'விடுபட்ட பாகங்கள்' என்று தலைப்பிட்டிருந்தேன். கண்ணாடி இல்லை, ஸ்டியரிங் இல்லை, பக்கத்தகடு இல்லை என்று அதை நிரப்புவதில் எனக்கு ஒரு கணக்குப்பிள்ளையின் திருப்தி இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

அந்த நிலையில்தான் லோட்டஸ் 72 வந்தது. ஒரு சாண் நீளம், 20இல் ஒரு பங்கு, பிளாஸ்டிக். ஆப்பு போன்ற மூக்கும் பக்கவாட்டில் இரு ரேடியேட்டர்களும் இருப்பதால் பெயரில் சந்தேகமே இல்லை. 1970 முதல் 1975 வரை ஓடிய கார் என்பதால் ஆண்டைத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் இன்ஜினுக்குக் காற்றுப் பிடிக்கும் கூண்டு இல்லை, இன்ஜினின் உறிஞ்சு குழாய்கள் வெளியே தெரிந்தன, ஆகவே 1970. மற்ற எல்லாவற்றையும்விட இதில் வேலை அதிகம் நடந்திருந்தது, பிரைமரும் வழுவழுப்பாக ஏறியிருந்தது. ஆனால் ஓடும்போது காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் பின்னிறக்கையைக் காணோம். மூக்கின் இரு பக்கச் சிற்றிறக்கைகளையும் காணோம். 'இறக்கைகள் இல்லை' என்று எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். இத்தனை அழகான வேலை மூளியாக நிற்கிறதே என்று, ஒருவரும் கேட்காமலே, புகைப்படத்தைப் பார்த்து அந்த ஆண்டின் மூன்றடுக்கு இறக்கையைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டினேன். அதை நிறுத்துவதற்காகப் பின்பக்கத்தில் கைத்துரப்பணத்தால் துளையிடத் தொடங்கினேன்.

பிளாஸ்டிக்கைத் துளைத்தால் வெள்ளைச் சுருளாக வரும். இங்கே பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் மாவு மாவாக வந்தது. பள்ளம் அடைக்கும் புட்டி.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த துளை ஏற்கெனவே அந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. இளைஞரின் தந்தை அதைப் புட்டியால் நிரப்பி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அதன்மேல் பிரைமர் அடித்திருக்கிறார். மூக்கின் பள்ளங்களும் அப்படியே அடைக்கப்பட்டிருந்தன. விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் செய்நேர்த்தி. தொலைத்தவர் துளையை அடைக்கமாட்டார். பிறகு ஒட்டலாம் என்று விட்டுவைத்தவரும் அடைக்கமாட்டார்.

1970 செப்டம்பர் 5ஆம் தேதி, இத்தாலியின் மோன்சா தடத்தில், நேர்ப்பாதை வேகத்துக்காக இறக்கைகளைக் கழற்றிவிட்டு யோஹென் ரின்ட் லோட்டஸ் 72ஐப் பயிற்சிக்கு எடுத்துச் சென்றார். பாரபோலிகா வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும் இடத்தில் கார் திசைமாறித் தடுப்பில் மோதியது, அவர் இறந்துபோனார். மீதமிருந்த பந்தயங்களில் அவருடைய புள்ளிகளை யாரும் தாண்டாததால், மறைவுக்குப் பின் உலகப் பட்டம் பெற்ற ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அவர்தான். அன்றைய காரின் எண் 22. பெட்டியின் அடியில் மெழுகுத்தாளில் மடித்து வைத்திருந்த துணுக்குகளைத் தேடியபோது, ஸ்டிக்கர்த் தாளிலிருந்து சதுரமாக வெட்டி எடுத்த இரண்டு 22கள் கிடைத்தன.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இளைஞரின் தாயார் திரைக்குப் பின்னால் இருந்து பேசினார். "அந்தச் சின்னக் காரையா கேக்குறீய? நோன்பு நாள்ல ராத்திரியெல்லாம் கையில வச்சுத் தேச்சுக்கிட்டே இருப்பாக. சாயம் மட்டும் அடிக்கவே இல்ல. ஏன்னு கேட்டா, இருக்கட்டும்னுவாக" என்றார். மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாமி தேத்தண்ணீர் கொடுத்தனுப்பினார், குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு 'விடுபட்ட பாகங்கள்' கட்டத்தை முதலிலிருந்து திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. மே மாத மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம் கரையில் இன்ஜின் இல்லாமல் நிற்கும் விசைப்படகைப் பார்த்து, இன்ஜின் திருட்டுப் போய்விட்டது என்று உள்ளூர்க்காரர் எவரும் சொல்லமாட்டார், நான் சொல்லியிருந்தேன். இன்னும் செய்யாதது, செய்து தொலைந்தது, வேண்டாமென்று விட்டது ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்திருந்தேன். பக்கத்தகடுகள் இல்லை என்று நான் குறித்திருந்த ஒரு லோட்டஸ் 18ஐ மறுபடி எடுத்துப் பார்த்தால், தகடு இருக்க வேண்டிய இடத்தில் உள்ளே தெரியும் குழாய்ச் சட்டம் ஒவ்வொரு கம்பியாகச் சீவிச் சுத்தம் செய்யப்பட்டிருந்தது. மூடப்போகிற இடத்தை யாரும் அப்படிச் சீவுவதில்லை. 1961 மொனாக்கோவில், காற்று வருவதற்காகப் பக்கத்தகடுகளைக் கழற்றிவிட்டு, தன்னைவிட வலிமையான பெர்ராரி 156களை ஸ்டிர்லிங் மோஸ் 3.6 விநாடியில் வென்ற கார் அது. பிரிட்டன் கார் என்றாலும் பச்சையன்று; ராப் வாக்கர் அணியின் கருநீலமும் மூக்கில் வெள்ளைப் பட்டையும். சுறாமூக்கு பெர்ராரி அதே பெட்டியில், அதற்குப் பக்கத்து அட்டையில்தான் இருந்தது. இளைஞரின் தந்தை சேர்த்து வைத்த வரிசையை, துடைப்பதற்கு வசதியாக, முதல் நாளே நான் கலைத்துவிட்டிருந்தேன். அந்த வரிசையும் ஒரு குறிப்பாக இருந்திருக்கலாம். இப்போது அதை மீட்க வழியில்லை.

ஃபோர்டு ஜிடி40 மார்க் 4 ஒன்று என் உப்புத்தாளிலிருந்து தப்பியதும் இதற்குப் பிறகுதான். கூரையில் ஓட்டுநரின் தலைக்கு நேராக இருந்த புடைப்பை வார்ப்புப் பிசிறு என்று தேய்த்துவிடுவதாக இருந்தேன். ஆறடிக்கு மேல் உயரமான டேன் கர்னியின் தலைக்கவசம் இடிக்காமல் இருப்பதற்காகவே கூரையில் எழுப்பிய புடைப்பு அது. 1967இல் லெ மான்ஸை அவரும் ஏ. ஜே. ஃபாய்ட்டும் வென்ற கார்.

பங்குனியில் பட்டியலை எடுத்துக்கொள்ள வந்த இளைஞர் லோட்டஸைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "ரெக்கையும் வச்சு பெயின்ட்டும் அடிச்சுட்டா நல்ல வெல போகும்ல காக்கா?" என்றார். போகும் என்றேன், விற்பது அவர் உரிமை. பிறகு எண் வெட்டிய துணுக்குகளைக் காட்டி, நான் போட்ட துளையையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதை மட்டும் உம்மாவிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அவர் போவதற்கு முன் அதே நிறத்தில் புட்டி குழைத்து என் துளையை அடைத்தேன். காய்வதற்கு மழைக்காலம்போல நேரமெடுக்கவில்லை. தேய்த்து முடித்த பிறகும், எங்கே என்று தெரிந்தவன் விரல் வைத்தால் தட்டுப்படுகிறது. அவர் தந்தையின் கை எனக்கு வராது. பட்டியலில் அதன் வரிசையில் 'இறக்கைகள் இல்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு, லோட்டஸ் 72, மோன்சா, 5-9-1970 என்று எழுதினேன். விடுபட்ட பாகங்கள்: எதுவும் இல்லை.