நம் ஊர் மேடைக்கு ஒரு சஸ்பென்ஸ் நாடகம்

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசும் நம் கொழிஞ்சாம்பாறையில் நாடகம் போடும் தம்பிகள் "சஸ்பென்ஸா ஒரு கதை சொல்லுங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பதில் 'வெயிட் அன்டில் டார்க்'. ஃபிரெடரிக் நாட் எழுதி 1966-ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் மேடையேறியது. மறு வருஷமே ஆட்ரி ஹெப்பர்னை வைத்துப் படமும் வந்துவிட்டது.

கண் தெரியாத சூசி. வீட்டில் எங்கோ ஹெராயின் ஒளித்த பொம்மை. அதைத் தேடி மூன்று பேர் வேஷம் கட்டி வருகிறார்கள். இவர்கள் ஏன் ஜன்னல் மறைப்பை அடிக்கடி திறந்து மூடுகிறார்கள்? அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குச் சந்தேகம் பிறக்கும்.

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

கடைசியில் வீட்டு பல்புகளை எல்லாம் உடைத்து, வில்லனையும் தன் இருட்டுக்குள் இழுத்துவிடுவாள். ஃபிரிட்ஜ் விளக்கை மட்டும் மறந்திருப்பாள். அவன் அந்தக் கதவைத் திறக்கிற நொடி, அப்பப்பா! படம் வந்தபோது அந்தக் கடைசி எட்டு நிமிஷத்துக்குத் தியேட்டர் விளக்குகளையும் அணைத்தார்கள். அந்த இருட்டு மேடைக்கே சொந்தம் என்பேன்.

கோயில் திருவிழா மேடை சரிப்படாது, சுற்றிலும் சீரியல் லைட். மூடிய ஹால் வேண்டும். வேஷம் கட்டி வரும் மூவரில் ஒருவன் தமிழனாக நடிக்கும் மலையாளியாக இருக்கட்டும். நம் ஊர் சூசி அவன் பேச்சை வைத்தே பிடித்துவிடுவாள்.

பழைய ஃபிரிட்ஜ் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். குளிராவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே விளக்கு எரிய வேண்டும்.