ஒய் அழுத்தவா, என் அழுத்தவா?

லினக்ஸ் சர்வரில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை நின்றுவிடும். இந்த செட்டிங் கோப்பில் நீங்கள் கை வைத்திருக்கிறீர்கள், மென்பொருள் பேக்கேஜிலும் புதுசு வந்திருக்கிறது, எதை வைக்க என்று கேட்கும்; புதுசு வேண்டும் என்றால் ஒய் (Y), நம்முடையதே இருக்கட்டும் என்றால் என் (N). பாளையங்கோட்டையில் எங்களிடம் வேலைக்குச் சேரும் பையன்கள் முதலில் திணறுவது இங்கேதான். "அண்ணே, ஒய் அழுத்தவா, என் அழுத்தவா?" என்று போன் வரும், அதுவும் கடை அடைத்த பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல். முதலில் டி (D) அழுத்தி வித்தியாசத்தைப் படிடே என்பேன். படிக்காமலேதான் போன் செய்திருப்பான்.

லினக்ஸ் வகைகளில் டெபியனும் உபுண்டுவும் இதில் நியாயமாகத்தான் நடக்கின்றன. பேக்கேஜோடு வந்த செட்டிங் கோப்பின் எம்டி5 மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை மாதிரி ஒன்றை, பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி குறித்து வைத்திருக்கும். நாம் தொடாத கோப்பு என்றால் சத்தமில்லாமல் புதுசைப் போட்டுவிடும்; நாம் மட்டும் மாற்றியிருந்தால் நம்முடையதை விட்டுவிடும்; இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் கேள்வி. வெறுமனே என்டர் தட்டினால் பழசு நிற்கும், புதுசு டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்திலேயே கிடக்கும். ரெட்ஹாட் என்ற இன்னொரு லினக்ஸ் பக்கம் கேள்வியே கிடையாது, ஆர்பிஎம்நியூ, ஆர்பிஎம்சேவ் என்ற வாலோடு எதையாவது போட்டுவிட்டுப் போய்விடும், நாம்தான் தேடிப் பார்க்கணும்.

அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி மொத்தக் கடை. எங்களுக்கு முன்னால் அங்கே பார்த்துக்கொண்டிருந்தவர், டெபியனைப் புதுப் பதிப்புக்கு மாற்றும்போது சம்பாவுக்கு (அரிசி இல்லை, போல்டரை மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிரும் மென்பொருள்) புதுக் கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டார். காலையில் பில் போடும் கம்ப்யூட்டர் எதிலும் பொது போல்டர் தெரியவில்லை. "கணக்கெல்லாம் போச்சா தம்பி?" என்றார் அண்ணாச்சி. கணக்கு பத்திரமாக இருந்தது, ஷேர் வரிகள்தான் காணோம். பழைய கோப்பு யூசிஎஃப்-ஓல்ட் என்ற பெயரில் அங்கேயே இருந்ததால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இதைக் கேட்டுவிட்டுப் பையன்கள், அப்போ எப்பவும் என்தான் என்று பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். ஒய் தப்பாகப் போனால் மறுநாள் காலையே தெரிந்துவிடும், என் தப்பாகப் போனால் தெரியவே தெரியாது. தூரத்திலிருந்து லாகின் செய்ய வைக்கும் எஸ்எஸ்ஹெச் சர்வரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்த டெபியன் 11இல் அதன் முக்கியக் கோப்பின் மேலேயே ஓர் இன்க்லூட் வரி வந்தது, தனி டைரக்டரியில் போடும் கோப்புகளையும் படி என்று. டெபியன் 10இலிருந்து என் என் என்று அழுத்தியே வந்த சர்வரில் அந்த வரி இருக்காது. பாஸ்வேர்டு லாகின் வேண்டாம் என்று அந்தத் தனி டைரக்டரியில் ஒருவர் அழகாக எழுதி வைப்பார், சோதனைக் கட்டளையும் பிழை சொல்லாது, ஆனால் கதவு திறந்தேதான் கிடக்கும். அந்தச் சோதனைக் கட்டளையிலேயே சின்ன டிக்கு (-t) பதில் பெரிய டி (-T) போட்டு, நடப்பில் இருக்கும் செட்டிங்கைக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

அதனால் முடிந்தவரை பேக்கேஜ் கொடுத்த கோப்பைத் தொடாதே, நம் வரிகளைத் தனிக் கோப்பில் எழுது என்கிறேன். சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியின் சர்வீஸ் என்றால் சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ற கட்டளை போதும், தனிக் கோப்பை அதுவே உண்டாக்கும். சம்பாவில் பெரும்பாலும் அந்த ஒரே கோப்பில்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் செட்டிங் கோப்புகளின் மாற்றங்களைக் குறித்து வைக்கும் எட்ஸிகீப்பர்; அப்டேட் போடும் ஆப்ட் ஓடும் முன்னும் பின்னும், கோப்பின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் (Git) அதுவே பதிந்துவிடும்.

அப்புறம் ஒன்று. தானாக அப்டேட் ஆகும்படி வைத்த உபுண்டுவில், இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் அந்த பேக்கேஜை அது தொடாமலே விட்டுவிடும், பாதுகாப்புத் திருத்தமாக இருந்தாலும் சரி. லாகில் மட்டும் எழுதியிருக்கும். வாரம் ஒருமுறை லாகைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது வேற கதை.