கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போய் வந்தோம்

கல்யாணமாகி தங்கச்சிமடத்துக்கு வந்த நாளிலிருந்தே கச்சத்தீவுக்கு ஒருமுறை போகவேண்டும் என்று எனக்கு ஆசை. நான் திண்டுக்கல் பக்கத்தில் பிறந்தவள், படகு என்றாலே பயம். மாமா அப்படியில்லை. முப்பது வருஷம் விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். "அந்தோனியார் கூப்பிட்டா பயமெல்லாம் போயிடும்மா" என்று ஒவ்வொரு தவக்காலத்திலும் சொல்லுவார். கடைசியில் நானும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்குக் கோயிலில்தான் எல்லா ஏற்பாடும். ஆதார் நகல், போட்டோ, காவல் நிலையச் சான்று, அவ்வளவுதான். கடவுச்சீட்டும் விசாவும் தேவையில்லை. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனபோதும், நம் பக்கத்துத் திருப்பயணிகள் இவை இல்லாமல் வந்து போகலாம் என்று எழுதிவைத்தார்கள். சரி, இன்னொரு நாட்டு மண்ணுக்கு ஜெபமாலையோடு மட்டும் போகிற பயணம் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ராமேஸ்வரம் துறைமுகத்தில் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்து, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு ஏற்றினார்கள். கரை மறைந்ததும் படகின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அந்தோனியார் மன்றாட்டு மாலையை ஆரம்பித்தார்கள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல என் வயிற்றுக் கலக்கம் அடங்கியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஓடியபின் தண்ணீருக்கு மேல் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. மாமா செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்.

மொத்தமே 285 ஏக்கர் தீவு. குடியிருப்பு கிடையாது, குடிக்கத் தண்ணீரும் கிடையாது. முட்செடி, மணல், அந்தோனியார். அந்தச் சின்னப் பழைய கோயிலும், 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்ட புதிய கோயிலும் நிற்கின்றன. வருஷத்தில் இந்த இரண்டு நாள் மட்டும் ஆயிரக்கணக்கான ஜனம். யாழ்ப்பாண மறைமாவட்டம்தான் திருவிழாவை நடத்துகிறது. இலங்கைப் பக்கம் குறிகாட்டுவானிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் படகுகள் வந்தபடியே இருந்தன. தெற்கே நீர்கொழும்பு பக்கத்திலிருந்து சிங்களக் குடும்பங்களும் வந்திருந்தார்கள். போர்க்காலத்தில் பல வருஷம் இந்தத் திருவிழாவே நின்றுபோயிருந்தது. அந்த வருஷங்களில் மாமி கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்து மெழுகுவர்த்தி ஏற்றுவாராம். அவர் இப்போது இல்லை. அவருக்காகவும் ஒன்று எடுத்துப்போயிருந்தேன்.

கொடியேற்றம் முடிந்து சிலுவைப் பாதை தொடங்கியபோதும் வெயில் இறங்கவில்லை. மணலில் கால் புதையப் புதைய நடந்தோம். ஆறாம் நிலையில், வெரோணிக்கம்மாள் இயேசுவின் முகத்தைத் துடைக்கிற இடத்தில், எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் பாட்டில் எப்போதோ காலி. அருகில் முழங்காலிட்டிருந்த ஒரு சிங்கள அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வதுர?" என்றார். அது தண்ணீர் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் கையிலிருந்த பழைய சோடா பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம், மூடி தொலைந்து வாயில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார். துணியை எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தலையை ஆட்டி, இன்னும் குடி என்று கையால் காட்டினார். ஊற்றே இல்லாத தீவில் கால் பாட்டில் தண்ணீர் எவ்வளவு பெரியது என்று குடித்தவளுக்குத்தான் தெரியும். அடுத்த நிலைக்கு எழுந்தபோது என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதும் அவர்தான்.

இரவு தேர்ப்பவனி முடிந்து, எல்லாரும் மணலிலேயே பாயை விரித்துப் படுத்தோம். எங்களுக்குப் பக்கத்தில் நெடுந்தீவுக் குடும்பம் ஒன்று. "பிள்ளை, இஞ்சால தள்ளி இருங்கோ, அங்க காத்து கூட" என்று அந்த வீட்டுப் பெரியம்மா இடம் ஒதுக்கிக் கொடுத்தார். எங்கள் முறுக்கு அந்தப் பக்கம் போக, அவர்கள் பனங்காய்ப் பணியாரம் இந்தப் பக்கம் வந்தது. அவர் மகனுக்கு நாற்பது வயதிருக்கும், சின்னப் படகுக்காரர். மாமாவும் அவரும் காற்று, நீரோட்டம், நண்டுப்பாடு என்று பேசிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயா, நான் பிழை சொல்ல வரேல்ல. உங்கட பக்கத்து இழுவைப் படகுகள் இரவில வந்து போனா, விடிய எங்கட வலை கடலில இல்ல. வலை போனா வீட்டில அடுப்பு எரியாது. அதான்."

மாமா பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. மாமாவின் அண்ணன் மகன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, சில வாரம் சிறையில் இருந்து வந்தவன். படகு திரும்பவேயில்லை, கடன் மட்டும் இன்னும் இருக்கிறது. அதை மாமா சொல்லுவார் என்றுதான் நான் காத்திருந்தேன். நானே சொல்லியிருப்பேன். அவரோ வெகுநேரம் மணலைக் கையால் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எத்தன வலை தம்பி?" என்று கேட்டார்.

"ஒன்பது, ஐயா."

அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை. கண் கையைப் பார்த்து, நீ எனக்குத் தேவையில்லை என்று சொல்ல முடியாது. ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்பும் சேர்ந்து துன்புறும் என்று கொரிந்தியருக்குப் பவுலடியார் எழுதினாரே, அதை எத்தனை ஞாயிறு கேட்டிருக்கிறேன்! ஆறுதலான வசனம் என்றே நினைத்திருந்தேன். நாம் ஒரே உடல் என்றால், அவர் வலை கிழிந்த இடத்தில் நமக்கு வலிக்கவேண்டும், நம் பையன் அடைபட்ட இடத்தில் அவருக்கு வலிக்கவேண்டும். வலிக்காவிட்டால் அந்த உறுப்பு மரத்துப்போயிருக்கிறது. அந்த மணலில் படுத்துக்கொண்டு, என்னிடம் மரத்துப்போனது எது என்று அந்தோனியாரிடம் கேட்டேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அல்லவா.

காலைத் திருப்பலி தமிழிலும் சிங்களத்திலும். பாட்டு மாறும், பதில் மாறும், அல்லேலூயா இல்லாத தவக்காலம் என்றாலும் ஆமென் மட்டும் எல்லார் வாயிலும் ஒன்றாக வந்தது. கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தது. நான் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றேன். எனக்கு இடப்பக்கம் நின்ற நெடுந்தீவுப் பெரியம்மா, சின்ன வயதில் படித்த மாதிரியே "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்றார். பின்னால் சிங்களக் குரல்கள். எனக்கு அந்த 'எங்கள்' என்ற வார்த்தையில் தொண்டை அடைத்தது. 'என் தந்தையே' என்று தனியாகச் சொல்ல ஆண்டவர் நமக்குக் கற்றுத்தரவே இல்லை. இவர்களை விட்டுவிட்டு அந்த ஜெபத்தின் முதல் வரியைக்கூட என்னால் சொல்ல முடியாது. எங்களுக்கு எதிராகத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல எங்கள் குற்றங்களை மன்னியும் என்ற இடத்தில் மாமாவின் குரல் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் பக்கத்தில் நின்றவர்களைக் கும்பிட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் போனார். அந்தத் தம்பி அங்கே தூணோரமாக நின்றிருந்தார். மாமா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொடியிறக்கம் முடிந்ததும் படகுகள் கிளம்பின. அந்தச் சிங்கள அம்மாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. படகில் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமைப் பூசைக்குக் கருத்து எழுதும்மா. உங்க மாமி ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒண்ணு. அப்புறம் அந்த நெடுந்தீவுத் தம்பி குடும்பத்துக்கு ஒண்ணு."

"பேர் என்ன மாமா?"

அவர் கிழக்கே திரும்பிப் பார்த்தார். பச்சைக் கோடு மறைந்துகொண்டிருந்தது.

"கேக்க மறந்துட்டேனே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்பது வலைன்னு எழுது" என்றார்.