ஜார்ஜியாவா, மிட்வெஸ்ட்டா? மகன் கல்லூரி அணி தேடிய கதை

அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா பக்கம் குடியிருந்தால் சனிக்கிழமைகளில் ஃபுட்பாலிடமிருந்து தப்ப முடியாது. நம்மூர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்து. சாக்கர் ஆடிக்கொண்டிருந்த என் மகன் பள்ளி அணியில் கிக்கர், அதாவது பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பவன், ஆனான். கல்லூரி அணி தேட இறங்கிய பிறகுதான், தெற்கத்திப் பையன்கள் பலர் ஏன் தெற்கிலேயே தங்கிவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

எல்லோரும் சொல்லும் காரணம், தெற்கத்திப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் எஸ்இசி லீக்கின் பெருமை. 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு சீசன் தேசியப் பட்டம். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2025-இல் 79 வீரர்கள். ஐந்து நட்சத்திர மதிப்பீடு பெற்ற முன்னணிப் பையன்களுக்கு அது சரி. முழு ஸ்காலர்ஷிப், போதாததற்கு விளம்பர வருமானம் வேறு. கிக்கர்களை யார் அப்படித் தாங்குகிறார்கள்? எங்களுக்கு வந்ததெல்லாம் ‘ப்ரிஃபர்டு வாக்-ஆன்’ அழைப்புகள்தான்: அணியில் இடம் உண்டு, பணம் கிடையாது.

வடக்கே மிட்வெஸ்ட் மாநிலங்களில், பிக் டென் என்ற இன்னொரு பெரிய லீக்கின் பல்கலைக்கழகம் ஒன்று நன்றாகவே உபசரித்தது. நவம்பர் குளிரில் பந்து கெட்டியாகி, தூரம் போகாது. மகன் அதற்கும் தயார்தான். இடித்தது வெளிமாநிலக் கட்டணம். ஜார்ஜியாவில் லாட்டரி வருமானத்திலிருந்து 1993 முதல் ஹோப் ஸ்காலர்ஷிப் தருகிறார்கள். அதற்கும் மேலே ஸெல் மில்லர் ஸ்காலர்ஷிப்: பள்ளி மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 3.7, கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் 1200 இருந்தால் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் ட்யூஷன் கட்ட வேண்டாம். எல்லை தாண்டினால் அது செல்லாது. வாக்-ஆன் பையனைப் பெற்றவர்களுக்கு எந்தக் கோப்பையையும்விடப் பெரிய விஷயம் இதுதான்.

நடுவில் கல்லூரி விளையாட்டு வழக்கு ஒன்றில் 2025 நீதிமன்ற உடன்பாடு வந்தது. 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய், அணிக்கே மொத்தம் 105 பேர் என்றானது. பெரிய அணிகளில் அதற்கு மேலும் ஆட்கள் இருந்தார்கள்; வெட்டு முதலில் விழுந்தது வாக்-ஆன்கள் மேல். அதுவரை தவறாமல் பேசிக்கொண்டிருந்த ஒரு பயிற்சியாளர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அப்புறம் நாங்கள் சுற்றி வளைக்காமல், “அந்த 105-இல் இவன் உண்டா?” என்றே கேட்க ஆரம்பித்தோம். பலரும் மழுப்பினார்கள். ஜார்ஜியாவுக்குள்ளேயே ஓர் அணியின் பயிற்சியாளர் மட்டும், “முதல் வருடம் உண்டு, அதற்கப்புறம் அவன் காலைப் பொறுத்தது” என்றார். அங்கேயே சேர்த்துவிட்டோம்.

மகனிடம் கேட்டால் கட்டணம், லாட்டரி எதையும் சொல்லமாட்டான். அங்கே இப்போது இருக்கும் கிக்கருக்கு இது கடைசி வருடம், அதனால்தான் என்பான்.